ஃபார்முலா சரி, விடை மட்டும் வரவில்லை: பிளஸ் ஒன் இயற்பியல் கணக்குகளில் பழுது பார்ப்பது எப்படி?

ஜூலை பிறந்துவிட்டால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் நாலைந்து பிளஸ் ஒன் பிள்ளைகளாவது நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள்தான். ஆனால் இயற்பியல் கணக்கு என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “சார், ஃபார்முலா சரியாத்தான் போட்டேன், ஆன்ஸர் வரல.”

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஃபார்முலா சரியாகத்தான் இருக்கும். பழுது அதற்கு ஒரு படி முன்னால், படம் வரையாமல் தாண்டிய இடத்தில் இருக்கும். இல்லையென்றால் ஒரு படி பின்னால், எண்ணையும் அலகையும் போட்ட இடத்தில் இருக்கும். இந்த இரண்டு இடத்தையும் தடவிப் பார்க்கத் தெரிந்தால், யாரிடமும் போகாமலே பாதிக் கணக்கு சரியாகிவிடும். மீதிக்கு உதவி கேட்கும்போதும், “இந்த வரியில்தான் மாட்டிக்கொண்டேன்” என்று கைகாட்டிக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

கடலூர்ப் பக்கம் மாநிலப் பாடத்திட்டம். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் அரசுப் பள்ளிகளிலும் இப்போது சி.பி.எஸ்.இ. புத்தகம் வேறானாலும் ஆரம்பப் பாடங்கள் இரண்டிலும் ஒன்றுதான்: அளவீடு, இயக்கம், விசை, ஆற்றல். அதனால் கீழே இருப்பது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் நோட்டில் தெரியும் அறிகுறி எதுவோ, நேரே அங்கே போங்கள்.

அறிகுறி: கணக்கைப் படித்தாயிற்று, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை

பேனாவை வைத்துக்கொண்டு “எந்த ஃபார்முலா?” என்று யோசித்துக்கொண்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதலில் படம். அழகாக வேண்டாம், பஸ் என்றால் ஒரு கட்டம், கல் என்றால் ஒரு புள்ளி போதும். அதில் எது எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். கொடுத்திருக்கும் எண்களை அலகோடு படத்திலேயே எழுதுங்கள். கேட்டிருப்பது எதுவோ அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி.

அப்புறம் கணக்கில் ஒளிந்திருக்கும் எண்களைத் தேடுங்கள். “ஓய்வு நிலையிலிருந்து” என்றால் தொடக்கத் திசைவேகம் பூஜ்யம். நிற்கும் இடத்திலிருந்து “நழுவ விடப்பட்டது” என்றாலும் அதேதான். “பெரும உயரத்தில்” என்றால் செங்குத்துத் திசைவேகம் பூஜ்யம். “வழவழப்பான தளம்” என்றால் உராய்வு இல்லை. “சீரான திசைவேகத்தில்” என்றால் நிகர விசை பூஜ்யம். எண்ணே கொடுக்கவில்லை என்று புலம்பும் கணக்குகளில் எண் பெரும்பாலும் இப்படி வார்த்தையாக உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவும் எழுதியபின் எது தெரியும், எது தெரியாது என்பது கண்ணில் படும். இயக்கச் சமன்பாடுகளில் எதில் தெரியாதது ஒன்றே ஒன்றாக இருக்கிறதோ, அதுதான் உங்கள் ஃபார்முலா. தேர்ந்தெடுக்கவே தேவையில்லை, தானாக வந்து நிற்கும்.

அறிகுறி: விடை வருகிறது, புத்தக விடையோடு ஒத்துவரவில்லை

உடனே எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போடாதீர்கள். உங்கள் விடை, புத்தக விடை இரண்டில் பெரியதைச் சிறியதால் வகுங்கள். வரும் விகிதம் பல நேரம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

3.6 வந்தால் சந்தேகமே வேண்டாம்: மணிக்குக் கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டராக மாற்ற மறந்திருக்கிறீர்கள். 12.96 வந்தாலும் இதே தப்புதான். இயக்க ஆற்றல் மாதிரி வேகம் இருமடியாக வரும் இடத்தில் 3.6-ம் இருமடியாகிவிடும்.

2 வந்தால் சந்தேகப்பட மூன்று பேர். ஃபார்முலாவில் இருக்கும் அரை விட்டுப்போயிருக்கலாம். விட்டத்தை ஆரமாக எடுத்திருக்கலாம். போகும் நேரத்தை மட்டும் கண்டுபிடித்துவிட்டு, போய்வரும் நேரம் என்று எழுதியிருக்கலாம். விட்டம்–ஆரம் தப்பு கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் நடந்தால் விகிதம் 4, கோளத்தின் கன அளவில் நடந்தால் 8.

9.8 அல்லது சரியாக 10 என்றால் நிறையைப் போட வேண்டிய இடத்தில் எடையைப் போட்டிருக்கிறீர்கள், அல்லது எடை வேண்டிய இடத்தில் நிறையை. 4.2-க்குப் பக்கத்தில் என்றால் கலோரியும் ஜூலும் கலந்துவிட்டன. 60, 3600 என்றால் நேரம். 1000 என்றால் கிராம்–கிலோகிராம், அல்லது லிட்டர்–கன மீட்டர். 10,000 என்றால் சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்க நூறால் மட்டும் வகுத்துப் போட்டிருப்பீர்கள் என்று யாரும் சொல்லலாம், ஆனால் அப்போது விகிதம் 100 வரும். 10,000 வந்தால் மாற்றவே இல்லை என்று பொருள். கன சென்டிமீட்டரில் அது பத்து லட்சம்.

1.73 வந்தால் 30 அல்லது 60 டிகிரிக் கணக்கில் சைனும் காஸும் இடம் மாறியிருக்கின்றன. கோணம் கிடைத்தளத்திலிருந்தா, செங்குத்திலிருந்தா என்று கேள்வியை மறுபடி படியுங்கள். “கிடையோடு காஸ்” என்று மனப்பாடம் செய்தவர்கள் கோணத்தைச் செங்குத்திலிருந்து கொடுத்த நாளில் விழுந்துவிடுவார்கள். இந்தத் தப்பு 45 டிகிரியில் தெரியவே தெரியாது, சைனும் காஸும் அங்கே ஒன்று. அதனால் 45 டிகிரிக் கணக்கு சரியாக வந்தது என்று நிம்மதி அடைய வேண்டாம். அதே கணக்கை 30 டிகிரி என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

57.3 என்றால் டிகிரியும் ரேடியனும். வட்ட இயக்கத்தில் கோணத்தை ரேடியனில் போட வேண்டிய இடத்தில் டிகிரியை அப்படியே போட்டால் இந்த எண் வரும்.

கடைசியாக 1.02. இது தப்பே இல்லை. நீங்கள் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்திருக்கிறீர்கள், புத்தகம் 9.8 என்று எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு சதவீத வித்தியாசத்துக்காக இரவு பதினொன்று வரை விழித்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: 9.8-ம் உலகம் முழுக்க ஒரே எண் இல்லை. துருவங்களில் 9.83 வரை போகும். கடலூர், புதுச்சேரி இருக்கும் 12 டிகிரி அட்சரேகைப் பக்கம், கடல் மட்டத்தில், 9.78-தான். தனி ஊசல் சோதனையில் 9.78 வந்ததை ரெக்கார்டு நோட்டில் அடித்துவிட்டு 9.8 என்று எழுதுகிறவர்களே, தயவுசெய்து அடிக்காதீர்கள். உங்கள் ஊசல் நம் ஊரைத்தான் அளந்திருக்கிறது.

விகிதம் இந்த எதிலும் அடங்கவில்லை, 1.37, 2.61 என்று கண்டபடி வருகிறது என்றால் அலகில் பழுது இல்லை. எங்கோ ஒன்றைக் கூட்டாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறீர்கள். வட்டமே இல்லாத கணக்கில் 4 வந்தாலும் அதேதான். கீழே விசைக் கணக்குப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: புத்தகத்தில் விடை கொடுக்கவில்லை; வந்தது சரியா என்று தெரியவில்லை

கணக்கை வேறு ஒரு பக்கத்திலிருந்து உரசிப் பார்க்க வேண்டும். ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகிறது. ரெட்டிச்சாவடி பக்கம் மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக் போடுகிறார். சீராக வேகம் குறைந்து 5 வினாடியில் வண்டி நிற்கிறது. பிரேக் போட்டபின் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

நோட்டில் இப்படி இருக்கும்: சராசரி வேகம் 27, நேரம் 5, ஆகவே 135 மீட்டர். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இப்போது உரசிப் பாருங்கள். 54 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 15 மீட்டர். பிரேக்கே போடாமல் போயிருந்தாலும் 5 வினாடியில் 75 மீட்டர்தான் போயிருக்க முடியும். பிரேக் போட்ட வண்டி எப்படி 135 மீட்டர் போகும்? சரியான விடை அந்த 75-இல் பாதி, 37.5 மீட்டர்.

இதில் கவனிக்க வேண்டியது, 135 தப்பு என்று கண்டுபிடிக்கச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. “இதற்கு மேல் போக முடியாது” என்று ஓர் எல்லை தெரிந்தால் போதும். விடை எழுதியதும் அப்படி ஓர் எல்லையைத் தேடும் பழக்கம் வந்துவிட்டால் கணக்குகள் தாமாகவே தங்கள் தப்பைச் சொல்லும்.

இதே சாலையில் இன்னொரு கணக்கு. 24 கி.மீ. தூரத்தைப் போகும்போது மணிக்கு 30, திரும்பும்போது மணிக்கு 60 வேகத்தில் கடந்தால் சராசரி வேகம் என்ன? பத்தில் எட்டுப் பேர் 45 என்பார்கள். போக 48 நிமிடம், வர 24 நிமிடம், மொத்தம் 72 நிமிடம், 48 கி.மீ.யை 1.2 மணியால் வகுத்தால் 40. மெதுவாகப் போன நேரம் இரு மடங்கு அதிகம் என்பதால் சராசரி அந்தப் பக்கம் சாயும். சராசரித் திசைவேகம் கேட்டிருந்தால் பூஜ்யம். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோமே.

அறிகுறி: ஒவ்வொரு வரியும் சரி, ஆனால் விடை நடக்க முடியாததாக இருக்கிறது

இது மேலே சொன்னதைவிட நுட்பமான பழுது. அலகும் சரி, கணக்கும் சரி, ஃபார்முலாவும் சரி. ஆனால் தொடக்கத்திலேயே சொல்லாமல் ஒன்றை நம்பிவிட்டீர்கள்.

30 டிகிரி செல்சியஸில் 200 கிராம் தண்ணீர். அதில் 0 டிகிரியில் இருக்கும் 100 கிராம் ஐஸைப் போடுகிறோம். பாத்திரத்தை விட்டுவிடலாம். கடைசி வெப்பநிலை என்ன? நன்னாரி சர்பத் கடையில் தினமும் நடக்கும் விஷயம்தான்.

பிள்ளைகள் எழுதுவது: ஐஸ் உருக (ஒரு கிராமுக்கு 80 கலோரி) 100 × 80 = 8000 கலோரி, அப்புறம் அந்தத் தண்ணீர் சூடாக 100 × வெப்பநிலை; தண்ணீர் இழந்தது 200 × (30 − வெப்பநிலை). இரண்டையும் சமப்படுத்தினால் வெப்பநிலை மைனஸ் 6.67 டிகிரி. ஐஸைவிடக் குளிர்ந்த தண்ணீர்! தம்ளரில் இருப்பதிலேயே குளிர்ந்தது 0 டிகிரி ஐஸ். எல்லாம் சேர்ந்து அதற்குக் கீழே போக வழியே இல்லை.

ஐஸ் முழுவதும் உருகிவிடும் என்று நம்பியதுதான் பழுது. தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 0 வரை குளிர்ந்தால் கொடுக்க முடிந்த வெப்பம் 200 × 30 = 6000 கலோரி. முழு ஐஸையும் உருக்க 8000 வேண்டும். ஆகவே 6000-ஐ 80-ஆல் வகுத்தால் 75 கிராம் உருகும், மீதி 25 கிராம் மிதந்துகொண்டிருக்கும், வெப்பநிலை 0 டிகிரி. ஐஸ் வரும் கணக்குகளில் சமன்பாடு எழுதும் முன் “கையில் இருக்கிற வெப்பம் உருக்கவே போதுமா?” என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

உராய்வுக் கணக்குகளிலும் இதே நோய் உண்டு. பெட்டி நகருமா, நகராதா என்று பார்க்காமலே முடுக்கம் கண்டுபிடிப்பார்கள். விடை, இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பெட்டி ஓடுவதாக வரும். அசையாத தரையின் உராய்வு, நின்றிருக்கும் பெட்டியைத் தள்ளி ஓட வைக்காது. விடை அப்படி வந்தால் பெட்டி நகரவே இல்லை, முடுக்கம் பூஜ்யம்.

அறிகுறி: பிளஸ் வர வேண்டிய இடத்தில் மைனஸ், மைனஸ் வர வேண்டிய இடத்தில் பிளஸ்

15 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து ஒரு கல்லை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராக மேலே எறிகிறோம். எத்தனை வினாடியில் தரைக்கு வரும்? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்ளலாம். நேரத்தை டி என்று குறிப்போம்.

இந்த ஒரு கணக்குக்கு எங்கள் மாடியில் மூன்று விதமான நோட்டுகள் வரும். முதல் நோட்டில் 15 = 10டி − 5டி². இதைத் தீர்க்கப் போனால் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்து மாட்டிக்கொள்ளும். இது நல்ல தப்பு. உடனே சத்தம் போடும். கல் தொட்டிக்கு மேலே 15 மீட்டர் போகும் நேரத்தைக் கேட்டிருக்கிறீர்கள், அது 5 மீட்டருக்கு மேல் எழும்பவே எழும்பாது, அதனால் விடை இல்லை.

இரண்டாவது நோட்டில் 15 = 10டி + 5டி², விடை 1 வினாடி. இது மோசமான தப்பு, ஏனென்றால் விடை பார்க்க நல்ல பிள்ளையாக இருக்கிறது. இது கல்லைக் கீழ்நோக்கி எறிந்தால் வரும் விடை. மேலே எறிந்த கல்லுக்கு மேலே போய் நிற்கவே 1 வினாடி ஆகிவிடுமே. இங்கேயும் எல்லை பார்க்கும் பழக்கம் காப்பாற்றும்.

மூன்றாவது நோட்டில்தான் முதலில் ஒரு வரி இருக்கும்: “எறிந்த இடம் பூஜ்யம், மேல்நோக்கி பிளஸ்.” அப்புறம் எல்லா எண்ணும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும். எறிந்த வேகம் +10. முடுக்கம் −10. தரை எறிந்த இடத்துக்குக் கீழே இருப்பதால் −15. ஆக −15 = 10டி − 5டி², அதாவது டி² − 2டி − 3 = 0. விடை 3 வினாடி, அல்லது −1.

அந்த −1-ஐத் தூக்கிப் போட வேண்டியதுதான், ஆனால் அது குப்பை இல்லை. கல்லைத் தொட்டியிலிருந்து எறியாமல் 1 வினாடிக்கு முன்பே தரையிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தால், சரியாக இந்த நேரத்துக்குத் தொட்டி உயரத்தை 10 மீட்டர் வேகத்தில் கடந்திருக்கும். சமன்பாட்டுக்கு உங்கள் கையும் தெரியாது, தொட்டியும் தெரியாது. அது முழுப் பாதையையும் சொல்கிறது.

எங்கிருந்து அளக்கிறோம் என்று முதலில் எழுதுவதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். வெள்ளி கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761-இல் அவர் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. நடுக்கடலில், ஆடும் கப்பலிலிருந்தே கடப்பைப் பார்த்தார். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும், நிற்கும் இடமும் நேரமும் துல்லியமாகக் கிடைக்காததால் அந்தக் குறிப்பு கணக்குக்கு உதவவில்லை. அடுத்த கடப்புக்காகக் காத்திருந்து 1769-இல் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக உட்கார்ந்தார். அன்று பார்த்து மேகம். உங்களுக்கு மேகத் தொல்லை இல்லை, “இங்கே பூஜ்யம், மேல்நோக்கி பிளஸ்” என்று எழுத ஐந்து வினாடிதான் ஆகும்.

அறிகுறி: விசைக் கணக்கு என்றாலே தப்பாகிறது

இதற்குப் படத்தைத் தவிர வேறு மருந்து கிடையாது. பொருளை மட்டும் தனியாகப் பிரித்து வரைந்து, அதன்மேல் வேலை செய்யும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போட வேண்டும். எதையும் விடாமல் இருக்க ஒரு வழி: பொருளை எவையெல்லாம் தொடுகின்றன என்று கேளுங்கள். தொடுகிற ஒவ்வொன்றும் ஒரு விசை கொடுக்கும். இந்தப் பாடக் கணக்குகளில் தொடாமல் இழுப்பது பூமி மட்டும்.

கடலூர் துறைமுகத்தில் 40 கிலோ மீன் பெட்டி ஒன்றைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். கயிறு தரையோடு 30 டிகிரி கோணத்தில் மேல்நோக்கி இருக்கிறது, இழுவிசை 200 நியூட்டன், இயக்க உராய்வுக் குணகம் 0.4. பெட்டி நகர்ந்துகொண்டிருக்கிறது. முடுக்கம் என்ன?

வழக்கமான நோட்டில்: எடை 400 நியூட்டன், ஆகவே தரை கொடுக்கும் செங்குத்து விசையும் 400, உராய்வு அதில் 0.4 பங்கு, 160. கயிற்றின் கிடைக்கூறு 200 காஸ் 30, அதாவது 173.2. மீதி 13.2 நியூட்டன். முடுக்கம் 0.33.

படம் வரைந்திருந்தால் கயிறு மேல்நோக்கியும் இழுப்பது தெரிந்திருக்கும். 200 சைன் 30, நூறு நியூட்டன். பெட்டியின் எடையில் நூறைக் கயிறு தாங்கிக்கொள்கிறது. தரைக்கு மீதி 300-தான். உராய்வு 120. நிகர விசை 53.2, முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.33 மீட்டர். வழக்கமான நோட்டின் விடையைப் போல நாலு மடங்கு! மேலே சொன்ன விகிதச் சோதனையில் 4 வருகிறது, ஆனால் கணக்கில் வட்டமும் இல்லை, விட்டமும் இல்லை. அப்போதே படத்துக்குத் திரும்ப வேண்டும்.

“செங்குத்து விசை எடைக்குச் சமம்” என்பது எங்கும் சட்டம் இல்லை. தட்டையான தரை, மேலும் கீழும் வேறு யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை என்றால் மட்டும் அப்படி. நம்பிக்கை வரவில்லையென்றால் கயிற்றை நேராக மேலே 400 நியூட்டனில் இழுப்பதாக நினைத்துப் பாருங்கள். பெட்டி தரையை அழுத்தவே அழுத்தாது. அப்போதும் உராய்வு 160 என்று எழுதுவீர்களா? மீனவர்கள் பாரமான பெட்டியைக் கயிற்றைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தே இழுப்பார்கள், குனிந்து தள்ள மாட்டார்கள். தள்ளினால் கீழ்நோக்கிய கூறு வந்து தரையின் விசை ஏறும், உராய்வும் ஏறும்.

இன்னொரு பழைய தொல்லை: எடையையும் செங்குத்து விசையையும் மூன்றாம் விதியின் ஜோடி என்று எழுதுவது. இரண்டும் ஒரே பெட்டிமேல் இருக்கின்றன. ஜோடி விசைகள் ஒருநாளும் ஒரே பொருள்மேல் இருக்காது. பூமி பெட்டியை இழுப்பதற்கு ஜோடி, பெட்டி பூமியை இழுப்பது. தரை பெட்டியைத் தள்ளுவதற்கு ஜோடி, பெட்டி தரையை அழுத்துவது.

அறிகுறி: சைன் 30 போட்டால் மைனஸ் 0.988 வருகிறது

போன் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள். உட்கார்ந்ததும் சைன் 30 போட்டு 0.5 வருகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. பிளஸ் டூ பொதுத்தேர்வில் இயற்பியலுக்குக் கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான், அதனால் வீட்டிலும் வாரத்தில் சில நாள் அதையே புரட்டிப் பழகுங்கள்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, புத்தகம்தான் தப்போ என்று தோன்றுகிறது

தோன்றுவதில் தப்பில்லை, அச்சுப் பிழை எந்தப் புத்தகத்திலும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாக வாருங்கள். தமிழ்வழிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அதே கணக்கை ஆங்கிலவழிப் புத்தகத்தில் பாருங்கள். ஆங்கிலவழிக்காரர்கள் தமிழில் பாருங்கள். மாநிலப் பாடநூல்கள், என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றில் 0.2, இன்னொன்றில் 0.02 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. புத்தகம் பழைய பதிப்பு என்றால் புதிய பதிப்பில் திருத்தியிருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். இரண்டிலும் ஒரே எண், வகுப்பில் இன்னும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டும் உங்கள் விடையே வருகிறது என்றால், தைரியமாக சாரிடம் கொண்டு போங்கள்.

அறிகுறி: உதவி கேட்டும் யாரும் பதில் போடவில்லை

வாட்ஸ்அப்பில் சாய்ந்து எடுத்த போட்டோ, கீழே “அண்ணா இந்த சம் போட்டுத் தாங்க, அர்ஜென்ட்.” இன்ஜினீயரிங் படிக்கும் அந்த அண்ணன் பார்ப்பார், அப்புறம் பதில் சொல்லலாம் என்று வைப்பார், மறந்துவிடுவார். அவர்மேல் குறை இல்லை. முழுக் கணக்கையும் போட அவருக்கு இருபது நிமிடம் வேண்டும், அது இல்லை.

இப்படி அனுப்பிப் பாருங்கள்: “அக்கா, மீன் பெட்டிக் கணக்கு. படம் வரைஞ்சிருக்கேன், போட்டோ பாருங்க. உராய்வு 160 வருது, முடுக்கம் 0.33. புக்ல 1.33 இருக்கு. கிடைக்கூறு வரைக்கும் சரின்னு நினைக்கிறேன். வட்டம் போட்ட வரியில சந்தேகம்.” பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் எந்த அக்காவும் இதற்கு ஒரு வரியில் பதில் போட்டுவிடுவார்: “கயிறு மேலயும் இழுக்குதே, பாத்தியா?” அதுதான் உங்களுக்கு வேண்டிய உதவி. மீதி உங்கள் கையிலேயே இருக்கிறது.

கேள்வியை முழுதாக அனுப்புங்கள். படத்தை வெட்டிவிட்டுக் கணக்கை மட்டும் அனுப்புவது, “இரண்டாவது பிட் மட்டும்” என்று அனுப்புவது, இதனாலேயே பாதிப் பதில்கள் தப்பாக வருகின்றன. பள்ளியில் சாரிடம் கேட்கப் போகிறவர்கள் மணி அடித்தபின் வாசலில் மறிக்காமல், நோட்டில் போட்ட வரைக்கும் எடுத்துக்கொண்டு இடைவேளையில் போங்கள். வெறும் நோட்டைப் பார்த்தால் எந்த சாருக்கும் எரிச்சல்தான் வரும், அரைகுறையாகப் போட்ட நோட்டைப் பார்த்தால் பேனாவை எடுத்துவிடுவார்.

அறிகுறி: ஆப் போட்டுத் தருகிறது, பார்த்தால் புரிகிறது, தனியாகப் போட்டால் வரவில்லை

போட்டோ எடுத்தால் விடை தரும் ஆப்களையும், கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவையும் பயன்படுத்தாதே என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ஆனால் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். “விடை சொல்லாதே, என் மூன்றாவது வரியில் என்ன தப்பு என்று மட்டும் சொல்” என்று கேட்டால் அது நல்ல டியூஷன் சார். “இதைப் போட்டுக் கொடு” என்றால் அது நோட்டை நிரப்பும் ஆள்.

அது சொல்வதும் தப்பாகலாம். முக்கியமாகப் படம் உள்ள கணக்குகளில் கோணம் எங்கிருந்து அளக்கப்பட்டது என்பதைப் போட்டோவிலிருந்து மாற்றிப் படித்துவிட்டு, அதன்பின் எல்லாவற்றையும் வெகு அழகாகப் போட்டுக் கொடுக்கும். அதனால் அதன் விடையையும் எல்லைச் சோதனைக்கு உட்படுத்துங்கள். பிரேக் போட்ட பஸ் 135 மீட்டர் போகிறதா என்று அதையும் கேளுங்கள்.

பார்த்துப் புரிந்ததைத் தனியாகப் போட வர, ஒரே வேலை: தீர்வை மூடிவிட்டு மறுநாள் வெறும் தாளில் போடுங்கள். வந்துவிட்டால் கணக்கில் ஒன்றை மாற்றுங்கள். கல்லை மேலே எறிந்தார்களா, கீழே எறியுங்கள். கயிற்றைத் தூக்கி இழுத்தார்களா, அதே கோணத்தில் கீழ்நோக்கித் தள்ளுங்கள். மீன் பெட்டியை அப்படித் தள்ளினால் தரையின் விசை 500, உராய்வு 200, தள்ளும் கிடைவிசையோ 173.2-தான், ஓடிக்கொண்டிருந்த பெட்டி வேகம் குறைந்து நின்றுவிடும். இதைப் புத்தகத்தைப் பார்க்காமல் நீங்களே கண்டுபிடித்தால் அந்தப் பாடம் உங்களுடையது.

அறிகுறி: எதுவும் சரிவரவில்லை, நாளைக் காலையில் நோட்டு வைக்க வேண்டும்

ஒரு கணக்குக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். படம், கொடுத்தவை, ஃபார்முலா, எண்களைப் போட்ட வரி, வந்த விடை, அதன் அலகு, எல்லாவற்றையும் தெளிவாக எழுதிவிட்டு, சந்தேகம் உள்ள வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள். பொதுத்தேர்விலும் கடைசி எண் தப்பானாலும் ஃபார்முலாவுக்கும் எண்ணைப் போட்ட படிக்கும் மதிப்பெண் உண்டு. தப்பு விடையை ரப்பரால் அழிக்காதீர்கள். நாளைக்கு சார் அந்தத் தப்பைப் பார்த்துத்தான் எந்த வரி என்று சொல்ல முடியும்.